இரட்டை ஆக்சில் படகு டிரெய்லர்: ஒரு ஸ்பிரிங் உடைந்தால் நான்கையும் ஏன் மாற்ற வேண்டும், எப்படி மாற்றுவது

கேட்டவர் டெக்சாஸில் கால்வெஸ்டன் விரிகுடா பக்கம் இருக்கிறார். 22 அடி ஃபைபர் படகு, இரண்டு ஆக்சில் டிரெய்லர், ஆக்சில் ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு தாங்கக்கூடியது. இடது பின் சக்கரம் மட்கார்டில் உரசுகிறது. குனிந்து பார்த்தால் அந்தப் பக்க லீஃப் ஸ்பிரிங்கில் இரண்டாவது பட்டை உடைந்து கிடக்கிறது. உடைந்ததை மட்டும் மாற்றினால் போதுமா, வீட்டு முன்னாலேயே செய்ய முடியுமா, என்னென்ன வாங்க வேண்டும் என்பது கேள்வி.

வீட்டு முன்னால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். நான்கு ஸ்பிரிங், எட்டு யு போல்ட், எல்லா புஷ் (ஸ்பிரிங் முனையில் உள்ள வளையமான 'கண்'ணுக்குள் உட்காரும் குழல்), எல்லாக் கண் போல்ட், ஷாக்கிள் பட்டைகள் (ஸ்பிரிங் முனையை ஈக்வலைசரோடு இணைப்பவை), முடிந்தால் இரண்டு ஈக்வலைசர் என்று மொத்தமாக வாங்கிவிடுங்கள். கடைக்காரருக்கு வியாபாரம் பிடித்துக் கொடுக்கிறேன் என்று தோன்றலாம். காரணத்தைச் சொல்கிறேன்.

இரட்டை ஆக்சிலில் முன் ஸ்பிரிங்கும் பின் ஸ்பிரிங்கும் தனித்தனியாக வேலை செய்வதில்லை. நடுவில் ஈக்வலைசர் என்று ஒரு தராசுத் துண்டு தொங்குகிறது. முன் ஸ்பிரிங்கின் பின்முனை அதன் ஒரு பக்கம், பின் ஸ்பிரிங்கின் முன்முனை அதன் மறுபக்கம். முன் சக்கரம் மேட்டில் ஏறினால் ஈக்வலைசர் சாய்ந்து, சுமையில் ஒரு பங்கைப் பின் சக்கரத்துக்குத் தள்ளும். இது நடக்க அது இரண்டு பக்கமும் ஆட இடம் வேண்டும். சுமையோடு நிற்கும்போது அது ஏறக்குறைய கிடையாக இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

இப்போது பின்னால் மட்டும் புது ஸ்பிரிங் போடுகிறீர்கள். புதியதற்கு முழு வளைவு இருக்கும். முன்னால் உள்ள பழையது பல வருடச் சுமையில் தட்டையாகி இருக்கும். இரண்டு சக்கரமும் ஒரே தரையில் நிற்க வேண்டும் என்பதால் வித்தியாசம் முழுவதையும் ஈக்வலைசர்தான் வாங்கிக்கொள்ளும். வண்டி நிற்கும்போதே அது ஒரு பக்கம் சாய்ந்துவிடும், ஆட வேண்டிய தூரத்தில் பாதி அங்கேயே போய்விடும். பாலத்தின் இணைப்பிலோ பள்ளத்திலோ விழுந்தால் அதன் முனையோ ஷாக்கிளோ சட்டத்தில் போய் முட்டும். முட்டிய நொடியில் சுமைப் பங்கீடு நின்று, ஒரே ஆக்சில் மொத்தத்தையும் தாங்கும். அடுத்து உடையப்போவது எது என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு காரணம் உப்பு. நான்கு ஸ்பிரிங்கும் படகு இறக்கும் ஒரே ராம்ப்பில், ஒரே தண்ணீரில், ஒரே எண்ணிக்கையில் முங்கியவை. பட்டைகளுக்கு இடையில் போன உப்புத் தண்ணீர் கழுவினாலும் முழுதாக வெளியே வராது. உள்ளே துரு ஏறி, ஏறிய துரு இரும்பை விட அதிக இடம் பிடித்து, பட்டைகளைப் பிரிக்கும். பழைய ஸ்பிரிங்கைப் பக்கவாட்டில் பாருங்கள், பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கும். அந்தத் துருக் குழிகளில்தான் விரிசல் ஆரம்பிக்கிறது. ஒன்று உடைந்துவிட்டது என்றால் மற்ற மூன்றிலும் குழி இருக்கிறது, இன்னும் உடையவில்லை, அவ்வளவுதான்.

ஊரில் லாரிப் பட்டறையில் பட்டையைக் காய்ச்சி அடித்து மறுபடி வளைவு ஏற்றுவதைப் பார்த்தவர்கள், அதையே இங்கே செய்யக்கூடாதா என்று கேட்பார்கள். லாரிப் பட்டை கனமானது, புதிது வாங்கினால் விலையும் அதிகம், அதனால் அங்கே கட்டுபடியாகிறது. இது மெல்லிய பட்டை, அதுவும் துருக் குழி விழுந்தது. வளைவு ஏற்றினாலும் குழி போகாது. வேண்டாம்.

சரி, வாங்குவதற்கு முன் அளவு. இந்த வேலையில் அதிகம் பேர் தவறுவது இங்கேதான்.

முதலில் உங்கள் ஸ்பிரிங் எந்த வகை என்று பாருங்கள். இரண்டு முனையிலும் உருண்டைக் கண் இருந்தால் இரட்டைக் கண் வகை. முன்னால் கண், பின்முனை வெறுமனே தட்டையாகவோ கொக்கியாகவோ இருந்து ஈக்வலைசருக்குள் சறுக்கினால் அது ஸ்லிப்பர் வகை. படகு டிரெய்லர்களில் இரண்டும் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது, ஹேங்கரும் (ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு பிடிக்கும் தாங்கி) ஈக்வலைசரும் வேறு. ஸ்லிப்பர் வகைக்கு ஷாக்கிள் கிடையாது. கீழே ஷாக்கிள் பற்றிச் சொல்வதை அவர்கள் விட்டுவிடலாம்.

பிறகு பட்டையின் அகலம், பட்டைகளின் எண்ணிக்கை, கண்ணின் உள்விட்டம், நீளம். இந்த அளவு டிரெய்லர்களில் அகலம் பெரும்பாலும் 1¾ அங்குலம், போல்ட் 9/16 அங்குலம். நீளம் என்பது ஒரு கண்ணின் மையத்திலிருந்து மறு கண்ணின் மையம் வரை நேர்கோட்டில். வளைவைத் தொடர்ந்து டேப் பிடிக்கக் கூடாது. கடையில் போட்டிருக்கும் அளவு சுமை இல்லாத புது ஸ்பிரிங்கின் அளவு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வளைவு போகப் போக நேர்கோட்டு நீளம் கூடும். 25¼ அங்குல நீளத்தில் 3 அங்குல வளைவோடு வந்த ஸ்பிரிங் முழுக்கத் தட்டையானால் நீளம் கிட்டத்தட்ட 1 அங்குலம் ஏறிவிடும். சந்தையில் 25¼ அங்குலமும் உண்டு, 26 அங்குலமும் உண்டு. தொய்ந்துபோன 25¼ஐ அளந்துவிட்டு 26 வாங்கி வந்து, ஷாக்கிள் ஏன் கோணலாக நிற்கிறது என்று யோசிப்பவர்கள் நிறைய. அதனால் பழைய ஸ்பிரிங்கை மட்டும் நம்பாதீர்கள். நான்கில் வளைவு அதிகம் மிஞ்சியிருப்பது எதுவோ அதை, சக்கரம் தொங்கும் நிலையில் அளங்கள். கூடவே முன் ஹேங்கர் துளையிலிருந்து நடு ஹேங்கர் துளை வரையும், அங்கிருந்து பின் ஹேங்கர் துளை வரையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஹேங்கர் சட்டத்தில் வெல்டாகவோ போல்ட்டாகவோ இருக்கிறது, அது நீளாது. கடைக்காரரிடம் இந்த இரண்டு அளவையும் சொன்னால் சரியான நீளத்தை அவரே எடுத்துக் கொடுப்பார்.

அடுத்து சுமை. ஸ்பிரிங்கில் போட்டிருக்கும் எண் ஒரு ஸ்பிரிங்குக்கு உரியது. 3,500 பவுண்டு ஆக்சிலுக்கு 1,750 பவுண்டு ஸ்பிரிங் இரண்டு. 3,500 என்று எழுதிய ஸ்பிரிங் வாங்கினால் அது 7,000 பவுண்டு ஆக்சிலின் ஸ்பிரிங். 'கொஞ்சம் கனமாகவே போடுவோமே' என்ற ஆசை எல்லோருக்கும் வரும். டிரெய்லர் தாங்கும் அளவு அதனால் ஒரு பவுண்டு கூட ஏறாது. ஆக்சில், பேரிங், டயர், சட்டம் எல்லாம் பழையவைதானே? விறைப்பான ஸ்பிரிங் குலுக்கலை உள்வாங்காது, அந்த அடி படகின் அடிப்பாகத்துக்கும் சட்டத்தின் போல்ட்டுகளுக்கும் போகும்.

உங்கள் சுமை உண்மையில் எவ்வளவு என்று தெரியாவிட்டால் எடை போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடை இருக்கும். டேங்கை நிரப்பி, ஐஸ் பெட்டி நங்கூரம் எல்லாம் ஏற்றி, வண்டியோடு போய் நில்லுங்கள். டிரெய்லர் சக்கரங்கள் தனிப் பலகையில் நிற்கும்படி நிறுத்தினால் ஆக்சில்கள் தாங்கும் எடை தனியாக வரும். படகுக்காரர்கள் மறப்பது பெட்ரோலை. ஒரு அமெரிக்க காலன் சுமார் 6.1 பவுண்டு, 60 காலன் டேங்க் என்றால் அதுவே 366 பவுண்டு. எண் 7,000ஐத் தொட்டுக்கொண்டு நின்றால் பிரச்சினை ஸ்பிரிங் இல்லை, டிரெய்லர் சிறியது.

கால்வனைஸ் செய்ததையே வாங்குங்கள். பெயின்ட் அடித்தது மலிவு, ஏரியில் மட்டும் ஓடுபவருக்குப் போதும். உப்புத் தண்ணீரில் அது பணத்தை வீணாக்கும் வழி. புஷ் விஷயத்தில் எனக்கு வெண்கல புஷ்ஷும் கிரீஸ் நிப்பிள் வைத்த போல்ட்டும்தான் பிடிக்கும். நைலான் புஷ் சல்லிசு, ஆனால் தேய்ந்து முடிவதை அது சொல்லாது. பழைய போல்ட்டைத் தட்டி எடுக்கும்போது பார்ப்பீர்கள்: நைலான் ஒரு பக்கம் காகிதம் போல் மெலிந்திருக்கும் அல்லது இல்லாமலே போயிருக்கும், போல்ட்டில் அந்த இடத்தில் ஒரு இடுப்பு விழுந்திருக்கும், கண் முட்டை வடிவமாகி இருக்கும். தொய்வு என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி இப்படி போல்ட்டிலும் புஷ்ஷிலும் தேய்ந்த தேய்மானம். புது ஸ்பிரிங்கைப் பழைய போல்ட்டில் மாட்டுவது அதனால்தான் வீண்.

யு போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை இறுக்கியதும் இழுபட்டுவிடும், மரையில் துருவும் ஏறியிருக்கும். ஆக்சில் குழாய் உருண்டையா சதுரமா என்று பார்த்து அதற்கேற்ற வளைவில் வாங்குங்கள்.

படகை என்ன செய்வது? முடிந்தால் தண்ணீரிலோ நண்பரின் லிஃப்டிலோ இரண்டு நாள் விட்டுவிடுங்கள். காலி டிரெய்லரில் வேலை பாதியாகக் குறையும். முடியாது என்றால் படகோடும் செய்யலாம், ஒரு நிபந்தனையோடு: தரை காங்கிரீட்டாக, சமமாக இருக்க வேண்டும். புல்லிலும் சரளையிலும் படகைத் தூக்கிவிட்டு அடியில் போகாதீர்கள். தாரிலும் வெயில் நேரத்தில் சட்டத்தைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டின் கால் அமிழும், கனமான பலகை போடுங்கள்.

டிரெய்லரை இழுவை வண்டியில் மாட்டியே வைத்து, வண்டியின் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். வேலை செய்யாத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். ஜாக்கியைச் சட்டத்தில் வைத்துத் தூக்குங்கள், ஹேங்கருக்குப் பக்கத்தில், வலுவான பீமுக்கு அடியில். ஆக்சிலில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் தளராது, மெல்லிய குழாய் வளையவும் வாய்ப்பு உண்டு. ஸ்டாண்ட் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சட்டத்துக்கு அடியில். ஏற்றும்போது ஈக்வலைசரில் ஒரு கண் இருக்கட்டும். சக்கரங்கள் தொங்கும்போது தேய்ந்த ஷாக்கிள்கள் சில சமயம் தலைகீழாகப் புரண்டுகொள்ளும். இறக்கும்போதும் அதே கவனம்.

எல்லாவற்றையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். ஆக்சில் ஸ்பிரிங்குக்கு மேலேயா கீழேயா என்பது முக்கியம். தாழ்வாக நிற்க வேண்டும் என்று படகு டிரெய்லர்கள் சிலவற்றில் ஆக்சிலை ஸ்பிரிங்குக்கு மேலே வைத்திருப்பார்கள். எப்படி இருந்ததோ அப்படியே திரும்பப் போக வேண்டும். பிரேக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதும் படத்தில் இருக்கட்டும், யு போல்ட் அதை நசுக்குவது சாதாரணமாக நடக்கிற ஒன்று.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஸ்பிரிங்கை எடுங்கள். நான்கையும் ஒன்றாக அவிழ்த்துப் போட்டால் ஆக்சில் உருண்டு, பிரேக் ஹோஸை இழுத்து, நீங்கள் நினைக்காத திசையில் நிற்கும். மறுபக்க ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருந்தால் ஆக்சில் அதன் இடத்திலேயே இருக்கும். சின்ன ஜாக்கி ஒன்றை ஆக்சிலுக்கு அடியில், ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, தாங்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். யு போல்ட்டுகளை எடுத்துவிட்டு ஆக்சிலை ஓர் அங்குலம் விலக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து நிற்கும்.

அப்புறம்தான் அசல் வேலை, கண் போல்ட். இந்த வகை போல்ட்டின் தலைக்கு அடியில் பல் பல்லாக வரி இருக்கும், அது ஹேங்கர் சுவரையோ ஷாக்கிள் பட்டையையோ கடித்துக்கொண்டு போல்ட்டைச் சுழலவிடாது. அதனால் தலையில் ஸ்பேனர் போட்டுத் திருகாதீர்கள், துளை பெரிதாகிவிடும். நட்டைத்தான் திருப்ப வேண்டும். நட்டு வந்த பிறகு போல்ட்டைச் சுத்தியலால் தட்டி வெளியே தள்ள வேண்டும்.

உப்புத் தண்ணீர் டிரெய்லரில் அது தட்டினால் வராது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் இரவே துரு எண்ணெய் அடித்து வையுங்கள், அதை நம்பி உட்கார வேண்டாம். கிரைண்டரில் மெல்லிய கட்டிங் டிஸ்க் போட்டு, ஸ்பிரிங் கண்ணுக்கும் ஹேங்கர் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் போல்ட்டை இரண்டு பக்கமும் அறுப்பதுதான் நேர்வழி. ஸ்பிரிங் எப்படியும் குப்பைக்குப் போகிறது, கண்ணில் டிஸ்க் பட்டால் பரவாயில்லை. ஹேங்கரில் படக்கூடாது.

கேஸ் டார்ச் எடுக்காதீர்கள். கால்வனைஸ் பூச்சு சூடானால் துத்தநாகப் புகை வரும், சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். அதைவிட முக்கியம், உங்கள் தலைக்கு மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, படகின் அடித்தட்டில்தான் தேங்கும். கிரைண்டர் பொறிக்கும் இதே பயம் உண்டு. படகு மேலே இருந்தால் வடிகால் மூடியைத் திறந்து முன்கூட்டியே காற்றாட விடுங்கள். பிறகு பெட்ரோல் வாடை எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வடிகாலைத் திரும்ப மூடிவிட்டுத்தான் அறுக்கத் தொடங்க வேண்டும். வாடை இருந்தால் அன்றைக்கு கிரைண்டர் கிடையாது. படகு உட்காரும் பலகைகளின் கார்ப்பெட்டை ஈரமாக்கி, பொறி போகும் பக்கம் தகரம் ஒன்றை நிறுத்துங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில். கண்ணாடி இல்லாமல் டிஸ்க் ஓட்டக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

ஸ்பிரிங் வெளியே வந்ததும் ஹேங்கரைப் பாருங்கள். துளை நீண்டிருந்தால் புது போல்ட்டும் ஆடும், ஹேங்கரையும் மாற்ற வேண்டும். வெல்டு செய்த ஹேங்கர் என்றால் அது வெல்டரின் வேலை. நடு ஈக்வலைசரின் புஷ்ஷை விரலால் தடவிப் பார்த்தே தேய்மானத்தைச் சொல்லிவிடலாம்.

மாட்டுவது எளிது. புஷ்ஷை வைஸில் வைத்துக் கண்ணுக்குள் அழுத்துங்கள், சுத்தியலால் அடித்தால் ஓரம் பிதுங்கும். ஹேங்கரோடு சேரும் கண்ணை முதலில் மாட்டி, பிறகு ஷாக்கிள் வழியாக ஈக்வலைசருடன். ஆக்சிலைக் கொண்டுவரும்போது ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் தலை ஆக்சில் இருக்கையில் உள்ள துளைக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று விரலை விட்டுப் பாருங்கள். துளையின் ஓரத்தில் ஏறி நின்றாலும் யு போல்ட் இறுகத்தான் செய்யும். ஆனால் ஆக்சில் கோணலாக நின்று டயரைத் தின்னும்.

இறுக்கும் அளவுக்கு உங்கள் ஆக்சில் தயாரிப்பாளரின் கையேடுதான் முதல். ஆக்சில் தயாரிக்கும் டெக்ஸ்டர் நிறுவனத்தின் கையேட்டில் ½ அங்குல யு போல்ட்டுக்கு 45 முதல் 70 அடி-பவுண்டு, தோள் வைத்த ஷாக்கிள் போல்ட்டுக்கு 30 முதல் 50. யு போல்ட்டின் நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தோள் இல்லாத கண் போல்ட்டை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும், அது சுழல வேண்டிய இடம். நழுவாமல் பிடிப்பது லாக் நட்டின் வேலை. முரட்டுத்தனமாக இறுக்கினால் ஹேங்கர் சுவர்கள் உள்ளே வளைந்து ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும்.

நான்கும் முடிந்து சக்கரம் தரைக்கு வந்ததும், சுமையோடு யு போல்ட்டை இன்னொரு முறை பாருங்கள். பிறகு முன்னால் கப்ளரின் (இழுவை வண்டியில் மாட்டும் முனை) மையத்திலிருந்து முன் ஆக்சிலின் இரு முனைகளுக்கும் டேப் பிடியுங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 1/8 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு இரண்டு ஆக்சிலுக்கும் இடைத்தூரம் இடது வலது ஒன்றா என்று பாருங்கள். டிரெய்லர் மூக்கைத் தூக்கியோ குனிந்தோ நிற்காமல் சமமாக நிற்கிறதா என்பதும் இப்போது முக்கியம். புது ஸ்பிரிங் வண்டியை உயர்த்தியிருக்கும், இழுவை வண்டியில் கப்ளர் உட்காரும் பால் மவுண்ட்டின் உயரத்தை மாற்ற வேண்டி வரலாம்.

இடையில் யாராவது 'ஸ்பிரிங்கே வேண்டாம், டார்ஷன் ஆக்சிலுக்கு மாறிவிடு' என்பார்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் ஆக்சிலுக்கு உள்ளே இருக்கும் ரப்பரே அதிர்வைத் தாங்கும் வகை அது. ஓட்டம் மென்மையாக இருக்கும், உண்மை. ஆனால் அதில் ஈக்வலைசர் கிடையாது, டிரெய்லர் சாய்ந்து நின்றால் ஒரு ஆக்சில் அதிகம் சுமக்கும். உள்ளே ரப்பர் போனால் ஆக்சிலையே மாற்ற வேண்டும். நல்ல நிலையில் உள்ள இரண்டு ஆக்சிலைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது.

சக்கர நட்டுகளை நட்சத்திர வரிசையில், ½ அங்குல ஸ்டட் என்றால் 90 முதல் 120 அடி-பவுண்டு வரை மூன்று கட்டமாக ஏற்றுங்கள். ரிம் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் சரி. முதல் ஓட்டத்தில் 10, 25, 50 மைல்களில் நிறுத்தி நட்டுகளைத் திரும்பப் பாருங்கள். 50 மைல் நிறுத்தத்தில் யு போல்ட்டுக்கும் டார்க் ரெஞ்ச் போடுங்கள், புதியவை கொஞ்சம் உட்காரும். அதே நிறுத்தத்தில் குனிந்து டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை நான்கு சக்கரத்திலும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் எந்த ஸ்பிரிங் இறங்குகிறது என்பதை அந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ராம்ப்பிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரால் பட்டைகளுக்கு இடையில் பீய்ச்சிக் கழுவுங்கள், நிப்பிள் வைத்திருந்தால் பழைய கிரீஸ் வெளியே தள்ளும் வரை மரைன் கிரீஸ் அடியுங்கள்.